நர்சிங் மாணவியும் எம்.பி.பி.எஸ். மாணவரும் பிரசவப் பயிற்சியை ஒன்றாகப் பெறலாமா?

உங்கள் மகள் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பிரசவப் பாடத்தில் ஒரு பகுதியை எம்.பி.பி.எஸ். மாணவர்களோடு சேர்த்து நடத்தப்போவதாகக் கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். "இது உண்மையிலேயே நல்லதா, இல்லை புதுசு என்பதற்காகச் செய்கிறார்களா? டாக்டர் பிள்ளைகளோடு போட்டால் என் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். உங்களுக்கு இரண்டு பயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் கையால் பார்க்க வேண்டிய பிரசவங்கள் பங்கு போய்விடுமோ என்பது ஒன்று. அந்த அறையில் அவளை எடுபிடியாக்கிவிடுவார்களோ என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான பயம்தான். அதனால் 'மிஞ்சும்' என்ற அந்தச் சொல்லுக்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது, அதாவது 1989க்கு முன்னால், பயிற்சி முடித்து வேலைக்கு வந்தவள் நான். பாதிக் காலம் லேபர் வார்டு, மீதிக் காலம் நர்சிங் டியூட்டர். அரசு, தனியார் இரண்டிலும் இருந்திருக்கிறேன்; எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. எம்.பி.பி.எஸ். பாடம் நடத்தியவள் அல்ல. ஆனால் இரண்டு தரப்பு மாணவர்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் முயற்சி மூன்றில் நர்சிங் பக்கத்திலிருந்து கை வைத்திருக்கிறேன். ஒன்று நன்றாக நடந்தது, ஒன்று பெயருக்கு நடந்தது, ஒன்று பாதியில் நின்றது. ஆகவே இதை ஒரு பக்கத்துக்காரி சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இதைப் பற்றி நீங்கள் தேடிப் படித்திருந்தால் பெரும்பாலும் இங்கிலாந்துக் கதைகள்தான் வந்திருக்கும். அங்கே நர்சிங் படிக்காமலேயே மூன்று வருடம் மிட்வைஃபரி, அதாவது பிரசவம் பார்க்கும் தொழில், அதை மட்டும் படித்துத் தொழிலுக்கு வரலாம். சிக்கலில்லாத பிரசவம் அங்கே மிட்வைஃபின் பொறுப்பு. அப்படிப்பட்ட மாணவி மருத்துவ மாணவருக்கு எதிரே வந்து உட்காரும்போது அவளுக்கென்று சொந்தமாக ஒரு தொழில் இருக்கிறது. நம்மிடம் அந்த வழி இல்லை. உங்கள் மகள் படிப்பு முடித்து நர்சிங் கவுன்சிலில் பதியும்போது நர்ஸ் என்றும் மிட்வைஃப் என்றும் இரண்டு தகுதியும் சேர்ந்தே பதிவாகும். ஊரில் 'நர்சம்மா' என்று கூப்பிடுகிறோமே, அந்தக் கிராம சுகாதாரச் செவிலியரும் மிட்வைஃப் பயிற்சி பெற்றவர்தான். 2018ல் மத்திய அரசு வெளியிட்ட மிட்வைஃபரி வழிகாட்டுதல், நர்சிங் முடித்தவர்களுக்கு 18 மாதம் தனிப் பயிற்சி கொடுத்து, சாதாரணப் பிரசவங்களை அவர்களே பொறுப்பேற்று நடத்தும் ஒரு தனிப் பிரிவைக் கொண்டுவரச் சொல்கிறது. அது இப்போதுதான் வேர் பிடிக்கிறது. உங்கள் மகளுக்கு பிரசவம் என்பது பல பாடங்களில் ஒன்று. அதனால் வெளிநாட்டில் தானாக அமைந்த சமநிலை இங்கே தானாக வராது. யாராவது முனைந்து ஏற்பாடு செய்தால்தான் வரும்.

சேர்ந்து படிப்பது என்றால் என்ன? உலக சுகாதார நிறுவனம் 2010ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழில்களைச் சேர்ந்த மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது. மூன்றும் இருக்க வேண்டும். நான் பார்த்த 'பெயருக்கு நடந்த' முயற்சியில் மூன்றும் இல்லை. பெரிய ஹாலில் நூற்றைம்பது பேர். முன்வரிசையில் வெள்ளைக் கோட்டு, பின்வரிசையில் எங்கள் பிள்ளைகள். பேராசிரியர் ஒரு மணி நேரம் இரத்தக்கொதிப்புப் பற்றி அருமையாகப் பேசினார். எல்லாரும் நோட்ஸ் எடுத்துக்கொண்டு அவரவர் வாசல் வழியாக வெளியே போனார்கள். பதிவேட்டில் 'கூட்டுப் பயிற்சி, 1 மணி' என்று எழுதினோம். உங்கள் மகளின் கல்லூரி திட்டமிடுவது இதுதான் என்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

இந்த ஊரைப் பற்றி ஒரு சின்ன விஷயம், கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, மனைவியின் பிரசவத்துக்குப் பெண் வேண்டும் என்று கேட்டார்கள். டாக்டரான அப்பா வருகிறேன் என்று சொல்லியும் ஆண் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதைப் பார்த்த மகள் ஐடா பின்னால் டாக்டராகி வேலூர் வந்தார். அவர் இங்கே நர்சிங் பள்ளியைத் தொடங்கியது 1909ல்; பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918ல். அதாவது வேலூரில் நர்ஸ் மாணவி வந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் மருத்துவ மாணவி வந்தாள். ஆண்கள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தது 1947ல். அந்த முதல் முப்பது வருடத்தில் பிரசவ அறையில் நின்ற இரண்டு வகை மாணவிகளும் பெண்கள்தான் என்பதால், இன்று நாம் 'ஏற்பாடு' செய்யப் பார்க்கும் பேச்சு அன்றைக்கு இயல்பாகவே நடந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், சாட்சி கிடையாது.

சரி, இது எதற்குத் தேவை என்று எனக்குப் புரிந்தது வகுப்பறையில் அல்ல. பல வருடம் முன்பு, இரவு இரண்டு மணி இருக்கும். ஒடுகத்தூர் மலையடிவாரத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு மூன்றாவது குழந்தை. சுகப்பிரசவம், நஞ்சுக்கொடியும் முழுதாக வந்துவிட்டது. பக்கத்தில் எங்கள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி. அவள் ஹவுஸ் சர்ஜனிடம், அதாவது படிப்பு முடிந்து பயிற்சியில் இருக்கும் டாக்டரிடம் போய், "சார், அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ப்ளீடிங் இருக்கு சார்" என்றாள். அவரும் கெட்டவர் இல்லை, பதினெட்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தவர். "சரி, பேட் மாத்திப் பாரு" என்றார். அரைமணி கழித்து மறுபடி, "இன்னும் கொஞ்சம் இருக்கு சார்." நான் அடுத்த வார்டிலிருந்து எதற்கோ உள்ளே வந்தபோது அந்த அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்; தூக்கத்தில் அல்ல, ரத்தம் குறைந்துபோனதில். நாடி 130க்கு மேல். வயிற்றில் கை வைத்தால் கருப்பை கல்லாக இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவு மாதிரி இருந்தது. பிழைத்துக்கொண்டார், இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. மறுநாள் விசாரித்தபோது இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அவள் இரண்டு முறை சொன்னாள். அவர் இரண்டு முறையும் 'கொஞ்சம்' என்று கேட்டார்.

அந்தக் 'கொஞ்சம்' யார் கற்றுக்கொடுத்தது? நான்தான். "டாக்டர்கிட்ட பதறிப் பேசாதீங்க, பணிவா சொல்லுங்க" என்று வருடா வருடம் சொன்னவள் நான். நம் பேச்சில் மரியாதை என்பது பாதி, குறைத்துச் சொல்வதுதான். பெரியவரிடம் போய் "அம்மா செத்துப்போயிடுவாங்க" என்று யாரும் சொல்லமாட்டோம். "கொஞ்சம் பார்த்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்போம். கேட்கிற பெரியவர் அதை மேலே கூட்டிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது ஊர் வழக்கம். இருபத்திரண்டு வயது ஹவுஸ் சர்ஜனுக்கு அந்த வழக்கம் தெரியாது, தூக்கமும் இல்லை. அந்த இடத்தில் ஒரு எண் வேண்டும்: "நாடி 130, பிரஷர் 80, மூன்று பேட் நனைந்துவிட்டது, கருப்பை இறுகவில்லை, நீங்கள் இப்போதே வர வேண்டும்." இதைச் சொல்ல ஒருத்திக்கும், கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த ஒருவருக்கும் பழக்கம் வேண்டும். பேசுபவளை மட்டும் தனியாகப் பழக்கினால் போதாது. கபடியில் ஒரு அணியை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் பயிற்சி எடுப்பீர்கள்?

நன்றாக நடந்த அந்த ஒரு முயற்சியில் நாங்கள் செய்தது செலவில்லாத வேலை. லாங் பஜாரில் வாங்கிய ரோஸ்மில்க் எசென்ஸைத் தண்ணீரில் கலந்து, அளவுக் குவளையில் அளந்து, பழைய சேலை, பேட், ரப்பர் ஷீட், தரை என்று வெவ்வேறு இடத்தில் ஊற்றி வைத்தோம். ஒரு நர்சிங் மாணவி, ஒரு மருத்துவ மாணவர் என்று ஜோடியாக உள்ளே விட்டு, "எவ்வளவு ரத்தம் போயிருக்கு?" என்று கேட்டோம். முதலில் தனித்தனியாக எழுத வேண்டும், அப்புறம் பேசி ஒரே எண்ணாக எழுத வேண்டும். எல்லாருமே குறைத்து எழுதினார்கள். இது எங்கள் பிள்ளைகளின் குறை அல்ல. கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது அதிக இரத்தப்போக்கைக் குறைத்து மதிப்பிடுவார்கள் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். 500 மில்லி தாண்டினாலே பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கு என்று கணக்கு. சேலையில் ஊற்றிய 800ஐப் பார்த்து 300 என்று எழுதியவர்கள் உண்டு. அப்புறம் நனைந்த துணியைத் தராசில் வைத்து, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி என்று காட்டினோம். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாக இருந்தது ஜோடிகள் பேசிக்கொண்ட விதம். முதல் நாள் மாணவி 600 என்று எழுதியிருப்பாள், மாணவர் 300 என்றதும் தன் எண்ணை அடித்து 350 ஆக்கிவிடுவாள். மூன்றாவது நாள் ஒருத்தி, "இல்லைங்க, நான் பேடைத் தூக்கிப் பார்த்தேன், நீங்க பார்க்கலை" என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

இப்போது எது உறுதி, எது சந்தேகம் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். இரத்தப்போக்கை அளந்து பார்த்து, கண்டவுடன் எல்லாச் சிகிச்சையையும் ஒரே தொகுப்பாகத் தொடங்கினால் தாய்க்கு நல்லது என்பது உறுதி. 2023ல் வெளிவந்த ஈ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்தது. அளவுக்கோடு போட்ட பையைத் தாயின் கீழே விரித்து அளந்து, உடனே தொகுப்புச் சிகிச்சை கொடுத்ததில் கடுமையான இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. தொகுப்பு என்பதே பல கைகள் ஒரே நேரத்தில் செய்யும் வேலை. ஒருவர் கருப்பையைத் தேய்க்க, ஒருவர் கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின், ஒருவர் ரத்தத்தை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலமும் ஊசி வழியும் பார்க்க, ஒருவர் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

ஆனால் டாக்டரும் மிட்வைஃபும் சேர்ந்து எடுக்கும் அவசரகாலப் பயிற்சியே குழந்தைகளைக் காப்பாற்றுகிறதா என்றால், அங்கே நான் நிதானிப்பேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் மருத்துவமனையில் 2000ல் எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி தொடங்கினார்கள். பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் குழந்தையின் நிலையைப் பார்த்துப் பத்துக்குப் போடும் அப்கார் மதிப்பெண் 6 அல்லது அதற்குக் கீழே இருந்த குழந்தைகள் 10,000க்கு 86.6லிருந்து 44.6 ஆகக் குறைந்ததாக 2006ல் எழுதினார்கள். கேட்கவே ஆசையாக இருக்கிறது. அதே பயிற்சியை ஸ்காட்லாந்தில் 12 பிரசவ மையங்களில் பரப்பிப் பார்த்தபோது அப்படிப்பட்ட குறைவு தெரியவில்லை என்று 2020ல் ஆய்வு வந்தது. ஒரு இடத்தில் அவர்களே உருவாக்கி, அவர்களே நம்பிச் செய்ததை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினால் அதே பலன் வராது போலிருக்கிறது. நம் நாட்டிலேயே, உத்தரப் பிரதேசத்தில் 120 மையங்களில், பாதுகாப்பான பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து ஊழியர்களுக்கு வழிகாட்டிப் பார்த்தார்கள். செய்முறைகள் திருந்தின; தாய்சேய் இறப்பு குறையவில்லை. இது 2017ல் வந்தது. இதெல்லாம் வேலையில் இருப்பவர்களுக்கான பயிற்சி. மாணவப் பருவத்தில் சேர்ந்து படித்தால் பத்து வருடம் கழித்து ஒரு தாய் பிழைப்பார் என்று நேராகக் காட்டுவது இன்னும் கடினம். அப்படி யாராவது உங்களிடம் அடித்துச் சொன்னால் பாதிக் காதோடு கேளுங்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது சின்ன விஷயம்: சேர்ந்து பழகிய பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சீக்கிரம் கூப்பிடுகிறார்கள். ஒடுகத்தூர் அம்மா விஷயத்தில் தாமதமானது அந்தக் கூப்பிடுவதுதான்.

உங்கள் முதல் பயத்துக்கு வருகிறேன். பிரசவங்கள் பங்கு போகுமா? போகும், கவனிக்காவிட்டால். என் காலத்தில் ஒரு நர்சிங் மாணவி 20 சாதாரணப் பிரசவம் பார்த்து கேஸ் புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும். மருத்துவ மாணவருக்கும் கணக்கு உண்டு. இன்று தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதம் சிசேரியன். பயிற்சிக்கு வேண்டிய சுகப்பிரசவம் பாதிதான் மிஞ்சுகிறது. அதிலும் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சிக்கலான கேஸ்தான் வருகிறது. அதனால் லேபர் வார்டில் பிரசவத்துக்காகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதும், எங்கள் பிள்ளையா உங்கள் பிள்ளையா என்று சண்டை வருவதும் உண்டு. நான் கண்ட தீர்வு ஒன்றுதான். ஒரு தாய்க்கு ஒரு ஜோடி என்று காலையிலேயே பெயர் எழுதிவிடுவது. கை வைத்துப் பிரசவம் பார்ப்பவர் ஒருவர், குழந்தையை வாங்கி முதல் நிமிடத்தைப் பார்ப்பவர் ஒருவர். அடுத்த தாய்க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். யார் எதைச் செய்தார்களோ அதை அன்றே புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இதை எழுத்தில் வைக்காத இடத்தில் வெள்ளைக் கோட்டுக்குத்தான் பிரசவம் போகும். பார்த்திருக்கிறேன்.

இதில் நீங்கள் கேட்காத ஒருவர் இருக்கிறார், படுக்கையில் இருக்கும் அந்த அம்மா. பாதியில் நின்ற முயற்சி அவரால்தான் நின்றது, நின்றதும் சரிதான். இரண்டு வகுப்பையும் ஒன்றாக விட்டதில் ஒரு கட்டிலைச் சுற்றி ஒன்பது பேர். நடுவில் பேரணாம்பட்டுப் பெண் ஒருத்தி, தலைப்பிரசவம், முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டுவிட்டாள். வெளியே வந்து அவளுடைய மாமியார் கேட்டார்: "எங்க பொண்ணு என்ன எக்ஸிபிஷனா?" எங்களிடம் பதில் இல்லை. சாதாரணமாக முன்னேறும் பிரசவத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை உள்பரிசோதனை போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மாணவர் ஒருமுறை, மாணவி ஒருமுறை, மேற்படிப்புப் படிக்கும் டாக்டர் ஒருமுறை என்று ஆளுக்கொரு தடவை கை விட்டால் அது பயிற்சி இல்லை, கொடுமை. கிருமித் தொற்றும் வரும். ஜோடி முறையில் ஒருவர் பரிசோதிப்பார், அதே நேரம் சீனியர் சரிபார்ப்பார், மற்றவர் அந்த எண்ணை பார்டோகிராஃபில், அதாவது பிரசவம் முன்னேறும் விதத்தைக் காட்டும் வரைபடத்தில் குறிப்பார். அடுத்த முறை மாற்றம். அந்த அம்மாவிடம் பெயர் சொல்லி, "நாங்க ரெண்டு பேரும் படிக்கிற பிள்ளைங்க, கூட இருக்கலாமாம்மா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வெளியே வர வேண்டும். ஆண் பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் அதுவும் அவர் உரிமை. முகம் சுளிக்காமல் வெளியே வருவதும் பாடத்தில் சேர்த்திதான்.

இரண்டாவது பயம், எடுபிடி. இதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. நம் வார்டுகளில் நாற்பத்தைந்து வயது சிஸ்டர் பத்தொன்பது வயதுப் பையனை "சார்" என்கிறார், அவன் அவரை "சிஸ்டர்" என்கிறான், நர்சிங் மாணவிக்குப் பெயரே கிடையாது, "ஏம்மா ஸ்டூடண்ட், அந்த க்ளவுஸை எடு." ஒரு வாரப் பயிற்சி இதை மாற்றாது. ஆனால் ஓர் அறைக்குள் மட்டும் மாற்றலாம். எங்கள் அறையில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும், பயிற்சி முடியும்வரை சார், மேடம் கிடையாது, பெயரும் 'நீங்க'வும் மட்டும். முதல் நாள் இரண்டு தரப்புக்கும் நாக்கு புரளவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத்தான் அதிகக் கஷ்டம். அதைவிட முக்கியமான இன்னொரு விதி: பாதிப் பாடத்தை மிட்வைஃபரி டியூட்டர் நடத்த வேண்டும், டாக்டர் பிள்ளைகளும் அவரிடம் கற்க வேண்டும். டாக்டர் மட்டுமே கற்பித்து நர்ஸ் ஆசிரியை வருகைப்பதிவேடு எடுத்துக்கொண்டு நின்றால், பிள்ளைகள் கண்ணால் கற்பது வேறு பாடம்.

மருத்துவ மாணவருக்கு டியூட்டர் என்ன கற்றுக்கொடுக்க முடியும் என்று கேட்பீர்கள். உட்காரக் கற்றுக்கொடுக்கலாம். ஒரு மூன்றாம் ஆண்டுப் பையன், சென்னைக்காரன், எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் அவனுக்கு. ஒரு தலைப்பிரசவத்தைக் காட்டி, "இந்த அம்மாவுக்கு வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை எழுந்து போகக்கூடாது" என்று எங்கள் மாணவி ஒருத்தியோடு உட்கார வைத்தேன். இடுப்பைத் தேய்த்துவிடுவது, தண்ணீர் கொடுப்பது, நடக்க வைப்பது, வலி வரும்போது பேசாமல் இருப்பது. பதினொரு மணி நேரம். காலையில் வந்து, "மேடம், ஒவ்வொரு வலிக்கும் அவங்க முகம் எப்படி மாறுதுன்னு இவங்க முன்னாடியே சொல்றாங்க" என்று மாணவியைக் காட்டினான். பிரசவத்தின்போது தொடர்ந்து ஒருவர் துணையிருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி. அவனுக்கு அது ஒரு ராத்திரி. எங்கள் மாணவிக்கும் லாபம் இருந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு வலிக்குப் பின்னும் இறங்கியே இருந்தால் ஏன் பயப்பட வேண்டும் என்று அவன் படம் போட்டு விளக்கினான். நான் மூன்று வகுப்பில் விளக்கியும் அவளுக்கு ஏறாத விஷயம் அது.

எல்லாவற்றையும் சேர்த்து நடத்தத் தேவையில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்பும் பொம்மையும் வைத்துக் குழந்தை இறங்கும் விதம், பார்டோகிராஃப், பிறந்த குழந்தைக்கு மூச்சு வரவைப்பது, இரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தையின் தோள் சிக்குவது, கேஸை அடுத்தவரிடம் ஒப்படைப்பது, கெட்ட செய்தி சொல்வது, இவை சேர்ந்து. அறுவை நுட்பம், நோயின் ஆழமான காரணங்கள் அவர்களுக்குத் தனியாக. பால் கொடுக்க வைப்பது, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது இவை உங்கள் மகளுக்குத் தனியாக, நிதானமாக வேண்டும். கூட்டுப் பயிற்சிக்காக இந்த மணி நேரங்களை வெட்டினால் அது நஷ்டம்.

நடைமுறைத் தடைகளும் உண்டு. மருத்துவப் படிப்புக்கு ஒரு தேசிய ஆணையம், நர்சிங்குக்கும் மிட்வைஃபரிக்கும் 2023ல் தனிச் சட்டம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டும் ஒரே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான், ஆனாலும் கால அட்டவணை ஒத்துப்போகாது. தேர்வில் மதிப்பெண் இல்லாத பாடத்துக்குப் பிள்ளைகள் வருவதும் சந்தேகம். எங்கள் நல்ல முயற்சியே இரண்டு பேர் இடம் மாறியதும் மங்கிவிட்டது. ஆட்களை நம்பி நடந்தது, அட்டவணையை நம்பி நடக்கவில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் டியூட்டரிடம் கேளுங்கள்: குழுவில் எத்தனை பேர், நடத்துவதில் மிட்வைஃபரி ஆசிரியையின் பங்கு என்ன, கேஸ் புக்கில் யாருடைய பிரசவம் என்று எப்படி எழுதுவார்கள். குழு பத்துப் பேருக்கு மேல் போனால், இரண்டாவது கேள்விக்கு "டாக்டர் நடத்துவார்" என்று பதில் வந்தால், மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று வந்தால், உங்கள் பயம் சரி. அப்படி இல்லையென்றால் தைரியமாக அனுப்புங்கள், அவளுக்கு நிறையவே மிஞ்சும். முதல் வாரம் முடிந்து அவள் குடியாத்தம் பஸ்ஸில் வந்து இறங்கியதும், என்ன படித்தாய் என்று கேட்காதீர்கள். கூடப் படித்த டாக்டர் பிள்ளையின் பெயர் என்ன, அந்தப் பிள்ளைக்கு உன் பெயர் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றாளானால் திங்கட்கிழமை காலையே டியூட்டருக்கு ஒரு போன் போடுங்கள்.